பீடியை விட்ட பிறகு வரும் இருமல்

மக்கா,

மருமகள் லில்லி எழுதின கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நீ சிகரெட்டை விட்டு இருபத்து மூன்று நாள் ஆகிறது என்று எழுதியிருக்கிறாள். வாசித்ததும் உன் அம்மைக்கு அழுகை வந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது. பதினாறு வயதில் சர்ச்சுக்குப் போகிற வழியெல்லாம் மாவிலை மென்றுகொண்டு போன பயல் நீ. பிள்ளைக்குப் பல்லில் எவ்வளவு அக்கறை என்று உன் அம்மை பெருமைப்பட்டாள். புகை வாடையை மறைக்கிற அந்த மாவிலை வித்தை நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்ததுதான் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கடிதத்தின் அடுத்த பக்கத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது. விட்ட பிறகு இருமல் கூடிவிட்டதாம். காலையில் எழுந்தால் அரைமணி நேரம் இருமுகிறாயாம், பழுப்பாகச் சளி வருகிறதாம். “என் நெஞ்சு அதுக்குப் பழகிப்போச்சு, விட்டதுதான் தப்பு” என்று சொல்லி ஒரு புதுப் பாக்கெட் வாங்கி, பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறாயாம். நீ அதைப் பிரிப்பதற்குள் இந்தக் கடிதம் கோயம்புத்தூர் வந்து சேர வேண்டும் என்று ஓட்டமாய் எழுதுகிறேன். நான் ஆறாம் கிளாசோடு நின்றவன், மலையாளத்தைப் பள்ளிக்கூடத்திலும் தமிழை வேதப்புத்தகத்திலும் படித்தவன். பிழை இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டு எனக்கே திருப்பி அனுப்பு. உனக்கு அந்தப் புத்தி உண்டு.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த இருமல் நோய் கூடுவது இல்லை, நெஞ்சு தேறத் தொடங்குவது. எனக்கும் அப்படித்தான் வந்தது. பிற்பாடு ஒரு டாக்டரிடம் கேட்டேன். மூச்சுக் குழாய்க்குள்ளே கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் உண்டாம், துடைப்பம் மாதிரி அசைந்து அசைந்து அழுக்கை மேலே தள்ளிவிடுமாம். புகை பட்டுப் பட்டு அவை படுத்துவிடும். புகை நின்றதும் ஒன்றொன்றாக எழுந்து பழைய வேலையைத் தொடங்கும். இத்தனை வருஷத்து அழுக்கை அள்ளி வெளியே போடும்போது சத்தம் வராமல் இருக்குமா? பூட்டிக்கிடந்த வீட்டைத் தூத்து வாரினால் முதல் நாள் தூசிதானே எழும்பும். சில வாரம் இருக்கும், பிறகு குறையும். ஆனால் சளியில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ, மாசக் கணக்கில் நிற்காமல் போனாலோ என் துடைப்பக் கதையை நம்பிக்கொண்டு இருக்காதே, நேரே டாக்டரிடம் போய் நெஞ்சைப் படம் பிடித்துப் பார். அப்பன் கதை எக்ஸ்ரே ஆகாது.

இவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்றால் ஒரு கார்டு போதும். பாக்கெட் உன் பையில் இருப்பதால் மீதியையும் எழுத வேண்டியிருக்கிறது. நான் பீடியை விட்டது ஒரு தடவையில் இல்லை, இரண்டு தடவையில். முதல் தடவை பன்னிரண்டு நாள் நின்றது. டாக்டர் சொன்னார், அதனால் விட்டேன் என்று உங்களிடமெல்லாம் சொன்னது பொய். எந்த டாக்டரும் என்னை விடச் சொல்லவில்லை.

எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள். நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில் தமிழ் பேசுகிற நம் ஊர்களும் தெற்கே உள்ள தாலுக்காக்களோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், கொடி. எனக்கு இருபத்து நான்கு வயசு. உன் அம்மையைக் கட்டி நாலு மாசம். அவளுடைய அண்ணன் பொன்னையன், உனக்கு மாமன், நீ பார்க்காத மாமன், என் வயசுக்காரன். மச்சான் என்கிற மரியாதையெல்லாம் எங்களுக்குள் கிடையாது. எலே என்றால் எலேதான். இருவரும் பொழியூர்க் காயலோரம் கதம்பல் வேலைக்குப் போவோம். உன் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். தேங்காய் மட்டையைத்தான் நம் பக்கம் கதம்பல் என்போம். அதை வலையில் கட்டி, காயல் தண்ணீரில் அமிழ்த்தி, மேலே சேற்றை வாரிப் போட்டு மாசக் கணக்கில் அழுகவிட வேண்டும். பிறகு முங்கிப் போய்க் கட்டை அவிழ்த்து மேலே கொண்டுவர வேண்டும். அப்புறம்தான் அடித்து நார் எடுப்பது. அந்தத் தண்ணீரின் நாற்றம் கெட்டுப்போன முட்டையைப் போல இருக்கும். அதனால் முங்குகிறவர்களுக்கு முதலாளி கூலியோடு ஒரு கட்டு பீடியும் கொடுப்பார். பீடி இழுத்தால் மூக்கு செத்துவிடும், நாற்றம் தெரியாது. எங்களில் பீடி தொடாதவன் பொன்னையன் ஒருவன்தான். சர்ச்சுப் பாட்டுக்குழுவில் கட்டைக் குரல் அவனுடையது. மற்றவர்கள் ஒரு அடிக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கும்போது அவன் ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்ப்பான். தண்ணீருக்குள் நூறு எண்ணும்வரை கிடப்பான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எண்பது எண்ணுவேன். ஆறு வருஷ பீடியில் அது முப்பதாகிவிட்டது.

ஒருநாள் காலையில் வள்ளத்துக்குப் பூசுவதற்குத் தார் வாங்க இருவரும் ஒரு சைக்கிளில் உதியன்குளங்கரைக்குப் போனோம். ஜங்ஷனில் ஒரு போலீஸ் வண்டி நின்றது. ஆட்கள் சாயாக்கடைக்குள் இருந்தார்கள். என் கையில் தார் டின், அதற்குள் ஒரு நார்க் குச்சி. எனக்குக் கை சும்மா இருக்குமா? நீயே ஒரு கல்யாண வீட்டில் என் குறும்பால் பட்டிருக்கிறாய். வண்டியின் பின்பக்கம் பெரிய எழுத்தில் “இது தமிழ் வண்டி” என்று எழுதிவிட்டு வந்து சைக்கிளில் ஏறினேன்.

“எலே, என்னத்தலே எழுதின?” என்று கேட்டான் பொன்னையன்.

“வண்டிக்கு ஒரு ஞானஸ்நானம் குடுத்தேன். நீ சைக்கிள சவுட்டு.”

“கொம்பு, சுழியெல்லாம் செரியா போட்டியா? நாணக்கேடு வரப்பிடாது.”

வழி முழுக்கச் சிரித்தோம். அந்த வண்டி அப்படியே பாறசாலைச் சந்தைக்குள் போய், சனமெல்லாம் கைதட்டிச் சிரித்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்ததாம். சைக்கிளில் தார் டின்னோடு போன இரண்டு பேர் பொழியூர்ப் பக்கத்து ஆட்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் நாங்கள் நெஞ்சளவு தண்ணீரில் நின்று கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தோம். கரையில் நின்ற பெண்கள் ஓடிவந்து போலீஸ் வருகிறது என்றார்கள். ஓட நேரமில்லை. பொன்னையன் என் தோளைப் பிடித்தான். “முங்கு. கதம்பல் கட்டப் பிடிச்சிட்டு கிட. நான் தட்டும்போ எந்திரி” என்றான்.

முங்கினோம். நான் எண்ணத் தொடங்கினேன். இருபத்தைந்திலேயே நெஞ்சு முட்டியது. முப்பத்தைந்தில் காது இரைந்தது. அதற்கு மேல் முடியாமல், அழுகின மட்டைக் குவியலுக்குப் பின்னால் மூக்கும் வாயும் மட்டும் தெரிகிற மாதிரி மேலே வந்து ஒரு மூச்சு இழுத்தேன். மூச்சு உள்ளே போன அதே வேகத்தில் இருமல் வந்தது. பீடிக்காரன் இருமல் உனக்குத் தெரியும், ஒன்றோடு நிற்காது. கயிற்றைக் கடித்தேன். அடுத்தது அதையும் மீறி வந்தது.

“ஆரடா அவிடெ?” என்று கரையிலிருந்து ஒரு போலீஸ்காரன் மலையாளத்தில் கூப்பிட்டான்.

அப்போது என் தலையில் ஒரு கை வந்தது. பொன்னையனுடைய கை. என்னை அமுக்கித் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு அவன் எழுந்து நின்றான். எழுந்து நின்று இருமினான். ஆயுளில் ஒரு பீடி இழுக்காதவன், அச்சு அசலாக என் இருமலை இருமினான். அதற்கு முன்னால் ஊர்ச் சிரிப்புக்காக எத்தனையோ தடவை என்னை அப்படி இருமிக் காட்டியிருக்கிறான். தண்ணீருக்குள் கிடந்தாலும் எனக்குக் கேட்டது. கையைக் காட்டு என்று கேட்டிருப்பார்கள். கதம்பல் சேறு தாரைவிடக் கறுப்பு, அதில் வேலை செய்கிறவன் கையில் எது சேறு எது தார் என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் காட்டியிருக்கிறான்.

மக்கா, நான் எழுதத் தயங்குகிற இடம் இதுதான். முப்பதுக்கு மேல் எண்ண முடியாத நான் அப்போது எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. பயம் இருந்தால் நெஞ்சு எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும் போலிருக்கிறது. துப்பாக்கிக் கட்டை நெஞ்சில் விழுகிற சத்தம் தண்ணீர் வழியாக வந்தது, ஈர மட்டையில் அடிப்பது போல. எழுந்து, எழுதினது நான் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான் எழவில்லை. அவர்கள் அவனை வரப்புக்கு அந்தப்புறம் இழுத்துக்கொண்டு போன பிறகுதான் எழுந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவனை வெளியே விட்டார்கள். இடப்பக்க விலாவில் கை வைக்க விடமாட்டான். வந்ததும் வாசலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னது இதுதான்: “எலே, உனக்க எழுத்த அழிக்க அவனுவளுக்கு ரெண்டு நாள் ஆச்சு. மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சானுவ. சுழி எல்லாம் செரியாட்டுதான் இருந்துது.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனான், சிரிப்பு பாதியில் நின்று விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்த விசில் பிறகு அவனை விட்டுப் போகவே இல்லை. வேலைக்குப் போக முடியவில்லை, பாட முடியவில்லை. கல்யாணமும் வேண்டாம் என்றுவிட்டான். நம் வீட்டு அறையில்தான் இருந்தான், உன் அம்மை பார்த்துக்கொண்டாள். எழுந்தது ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “தங்கச்சிய கட்டி நாலு மாசம்லா ஆச்சு. உன்னக் கொண்டு போனா அவ சமைச்ச கறிய ஆரு தின்னுதது? நானா?” என்றான். அதற்கு மேல் அவன் அதைப் பேசியதில்லை. உன் அம்மையிடமும் சொல்லவில்லை. எழுதினது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். இருமினது யார் என்று தெரியாது. அண்ணன் வீம்புக்கு எழுந்து நின்றான் என்றே அவள் நினைத்திருந்தாள். நான் திருத்தவில்லை.

எல்லையும் பிரித்தார்கள். தெற்குத் தாலுக்காக்கள் போயின, கோடு நமக்கு அந்தப்புறம் விழுந்தது, நாம் கேரளத்தோடு இந்தப்பக்கம் நின்றுவிட்டோம். அந்தச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். அதற்குள் அவனுக்குப் புகை ஆகாமல் போயிருந்தது. அடுப்புப் புகை பட்டாலே மூச்சு முட்டும். என் சட்டையில் பீடி வாடை இருந்தால் கூட இருமல் பிடிக்கும். “எலே, நீ வெளியில இருந்தே பேசு. உனக்க மேல இருந்து ஒரு பீடிக்கடை வருது” என்பான். அறைக்குள் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றுதான் நான் முதல் தடவை விட்டேன். ஒரு வாரம் தலைவலி, எல்லாரிடமும் எரிச்சல். பத்தாவது நாள் நாக்கில் ருசி வந்தது. உன் அம்மை மீன்கறியில் இத்தனை உப்பு போடுகிறாள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பன்னிரண்டாவது நாள் மூக்கும் திறந்துகொண்டது. அன்று காலையில் அவன் அறைக்குள் போனேன். அவன் உடம்பிலிருந்து கதம்பல் தண்ணீரின் நாற்றம் அடித்தது. அவன் அந்தத் தண்ணீரில் இறங்கி வருஷம் நாலாகிறது. தினம் குளிப்பாட்டுகிற உன் அம்மைக்குத் தெரியாத நாற்றம். பத்து வருஷமாகப் பீடி மூடி வைத்திருந்த மூக்கு திறந்ததும் முதலில் உள்ளே வந்தது அந்த மத்தியானம். அவன் கை என் தலைமேல் இருந்த கனம்கூடத் தெரிந்தது. நான் எழுந்து வெளியே போய், பலாமரத்துக்குப் பின்னால் நின்று பீடியைப் பற்றவைத்தேன். மூக்கு மறுபடியும் செத்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உன்னிடம் மறைக்கமாட்டேன்.

அதிலிருந்து எட்டாவது நாள், பகல் பதினொரு மணிக்கு அவனுக்கு மூச்சு முட்டியது. நான் பலாமரத்துக்குப் பின்னால் இருந்தேன். உன் அம்மை கூப்பிட்டது கேட்டது. கையில் பற்றவைத்த பீடி பாதி இருந்தது. அதை முடித்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, மாவிலை கிள்ளி மென்றுவிட்டு உள்ளே போனேன். வாடையோடு போனால் அவனுக்கு முட்டுமே என்று. உள்ளே போனபோது முட்ட ஒன்றும் இல்லை.

அடக்க ஆராதனையில் பாட்டு எடுத்தார்கள். அவன் எப்போதும் பிடிக்கிற கட்டைக் குரல் அடி வந்தது. பாட்டுக்குழுவில் யாரும் எடுக்கவில்லை, அந்த இடம் வெறுமனே போனது. நான் எடுத்துப் பார்த்தேன். மூன்று வார்த்தைக்குமேல் போகவில்லை, இருமல் வந்துவிட்டது. சர்ச்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு விட்டேன். இந்தத் தடவையும் பத்துப் பன்னிரண்டு நாளில் மூக்கு திறந்தது, நாற்றம் வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, இதற்குப் பயந்து எழுந்து போனால் ஆயுள் முழுக்க மரத்துக்குப் பின்னால்தான் நிற்பேன் என்று. காயலோரம் போய், கதம்பல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலை செய்யவில்லை, சும்மா உட்கார்ந்து மூச்சு விட்டேன். வாந்தி எடுத்தேன். மறுநாளும் போனேன். “என்னவே, பொண்டாட்டி வெரட்டிட்டாளா?” என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். ஆமா என்றேன். ஒரு மாசம் போனேன். அந்த மாசம்தான் உன்னுடைய இந்த இருமலும் வந்தது. காலையில் குடலே வெளியே வருகிற மாதிரி இருமி, கறுப்பும் பழுப்புமாகத் துப்பினேன். நெஞ்சு அழுகிப்போயிற்று என்றுதான் நினைத்தேன். பையில் பிரிக்காத ஒரு கட்டு பீடி இருந்தது, உன்னைப் போலவே. ஒருநாள் தண்ணீரில் இறங்கினபோது அது பையோடு நனைந்து ஊறிப்போயிற்று. தைரியம் என்று எழுத ஆசைதான், ஆனால் மறதி.

மூன்றாவது மாசம் இருமல் இல்லை. மாடி ஏறுவதற்கு நமக்கு மாடி இல்லை, அதனால் நான் தண்ணீரில் எண்ணிப் பார்ப்பேன். முதலில் முப்பது. மூன்று மாசத்தில் நாற்பத்தைந்து. ஒரு வருஷத்தில் எழுபது. அதற்கு மேல் ஏறவில்லை. எண்பதும் திரும்பவில்லை. கெட்டது எல்லாம் திரும்பாது என்று டாக்டரும் சொன்னார். உள்ளே காற்று நிற்கிற சின்னச் சின்னப் பைகள் கிழிந்தால் கிழிந்ததுதானாம். விட்ட நாளிலிருந்து மேலே கிழியாமல் நிற்கும், மீதி இருப்பது தன்னால் முடிந்ததைச் செய்யும். அதுவே பெரிய காரியம். எனக்கு எழுபது நெருங்குகிறது, இன்றைக்கும் பாறசாலைச் சந்தைக்கு நடந்து போய்வருகிறேன். ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். நெஞ்சு இறுகிக் கிடக்கிற நாட்களில் பொன்னையன் வருவதில்லை. மூச்சு நன்றாக, ஆழமாக, தடையில்லாமல் போகிற நாட்களில்தான் வருவான். முழு மூச்சையும் விட்டு முடிக்கிற இடத்தில் அந்த விசில் கேட்கும். பீடியே தொடாதவன் நெஞ்சு தேறவில்லை, பத்து வருஷம் புகை ஊதினவன் நெஞ்சு தேறிவிட்டது. இதற்குக் கணக்கு கேட்டுக்கொண்டு அவன் வருவதாக நான் நினைக்கவில்லை, அவன் அப்படிப்பட்டவனும் இல்லை. ஆனாலும் வருகிறான். நான் உட்கார்ந்து கேட்கிறேன். இப்போது எழுந்து போவதில்லை.

நீ எதற்காக ஊதத் தொடங்கினாய், அது உனக்கு எதை மூடி வைத்திருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன். என்னிடம் இல்லாத இரகசியமா உன்னிடம் இருக்கப்போகிறது. இருமலோடு சேர்ந்து அதுவும் மேலே வந்தால் வரட்டும்.

இதை உனக்கு எழுதிவிட்டு உன் அம்மைக்கு மறைப்பது சரியில்லை என்று நேற்று மத்தியானம் அவளிடம் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்த பிறகு, “அண்ணன் கண்ணடச்ச நேரத்துல நீங்க பெலாமரத்துக்குப் பின்னால நின்னது எனக்குத் தெரியும். புகை சன்னல் வழியாட்டு தெரிஞ்சுது. வெள்ளத்துக்குள்ள கிடந்தது தெரியாது” என்றாள்.

“இப்ப தெரிஞ்சுதுல்லா” என்றேன்.

“ஆமா. இப்ப தெரிஞ்சுது.”

மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், முகம் பார்ப்பதில்லை. எத்தனை நாள் என்று தெரியாது. வீடு இப்படிக் கிடக்கையில் பழைய ஆளாக இருந்தால் நான் ஒரு கட்டு முடித்திருப்பேன். கையைத் தொடையின் கீழ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலையில் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல், அடுப்பைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னாள். “அவனுக்கு இருமல் இருக்குதெங்கி லீவு போட்டுட்டு இஞ்ச வரச் சொல்லுங்க.” உன்னிடம் சேர்க்கிறேன். அந்தப் பாக்கெட்டை லில்லி கையில் கொடுத்துவிட்டு வா. பத்து நாள் இரு. கறியில் உப்பு எவ்வளவு என்று உன் நாக்கும் சொல்லட்டும், நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு இருமுகிறாய் என்று லில்லி எழுதியிருக்கிறாள், அடுத்த வீட்டுக்காரர்களுக்குக் கேட்குமாம். இங்கே அதெல்லாம் வேண்டாம் மக்கா. முற்றத்தில் நின்று நெஞ்சு திறந்து, எவ்வளவு சத்தமாக வருகிறதோ அவ்வளவு சத்தமாக இருமு. யாரும் உன்னைத் தேடி வரமாட்டார்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

உன் அப்பன்